பிடி சூழ்ந்த அல்லியேரி

வளம் நிலைக்க. கரும்பாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் தொடங்கித் தெற்கே ஆமைத்தீவு வரை ஒரு குடைக்கீழ் நிற்கும் கானற்பெருநாட்டின் அரசி, மூன்று துறைமுகங்களுக்கும் நானூற்றெழுபது ஊர்களுக்கும் காவல் பூண்டவள், தந்தைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செங்கோல் தாங்கி வரும் திருவெழில் நங்கை, தலைநகராகிய சேந்தவாயிலிலிருந்து எழுதுவிப்பது.

வடவெல்லைக் காவலர், ஏனாதிப் பட்டமும் மோதிரமும் பெற்றவர், ஒன்பது போர்க்களங்களில் முன்நின்றும் ஒன்றிலேனும் முதுகில் வடுப்படாதவர், நம் தாயோடு உடன்பிறந்த அம்மான், படைத்தலைவர் பெருங்கொற்றனார் கண்டுகொள்க.

தங்கள் கோட்டையில் அறுநூறு குதிரைகளும் நலமா? மற்றவற்றைக் கேட்குமுன் குதிரைகளைக் கேட்டால்தான் தாங்கள் மேலே படிப்பீர்கள் என்பதறிந்து அவற்றையே முதலில் கேட்கிறோம். மதிலும் அகழியும் குறைவற நிற்கின்றனவா? வீரர்க்கு நெல்லும் உப்பும் தடையின்றி வந்து சேர்கின்றனவா? தங்கள் இடது முழங்கால் வலிக்கென நாம் அனுப்பிய தைலத்தைத் தாங்கள் தேய்த்துக்கொள்ளாமல், கால் நொண்டிய சாம்பல் நிறக் குதிரைக்குத் தேய்ப்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அரசி அனுப்பியதை வேறிடத்தில் செலவிடுவது குற்றம். அம்மான் என்பதால் இம்முறை பொறுத்தோம்.

பங்குனித் திங்களின் கடைசி நாளில் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் தாங்கள் கேட்டிருப்பவை இரண்டு. புதிய கல்விச்சாலையாகிய கடிகைக்கு நிலம் அளித்த சடங்கில் பிழை நேர்ந்துவிட்டதாதலால் அதை மீண்டும் நடத்த வேண்டும் என்பது ஒன்று. பாகன் வேலங்கனைத் தண்டிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நடவாவிடில் பட்டத்தைத் துறப்பதாக எழுதி, நம் தந்தையார் தங்கள் விரலில் இட்ட ஏனாதி மோதிரத்தையும் ஓலையோடு கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அதை அவிழ்த்து நம் பேழையில் வைத்தோம்.

நடந்தது தங்களுக்குத் தெரிந்ததே. எனினும் இது பின்னாளில் சான்றாக நிற்க வேண்டிய ஓலையாதலால், தெரிந்ததையும் விரித்து எழுதுகிறோம்.

உயர்ந்த நூல்களைக் கற்பிக்கும் கடிகை ஒன்று நம் நாட்டில் அமைய வேண்டுமென அவை ஒப்பி, அதற்கு ஆற்றின் தென்கரையில் உள்ள கல்மேட்டை அளிப்பதென முடிவாயிற்று. கல்மேட்டில் புல்லும் முளைப்பதில்லை. அதைத் தருவதில் எவருக்கும் வருத்தம் இல்லாததால்தான் அவை அத்தனை விரைவாக ஒப்பியது. நம் நாட்டில் தானநிலத்தைக் கோல்கொண்டு அளக்கும் வழக்கம் இல்லை. கதிர் எழும் வேளையில் ஒரு பிடியை, பெண் யானையை, நீராட்டிச் சந்தனமிட்டு நிலத்தின் கிழக்கு மூலையிலிருந்து நடக்கவிடுவோம். பாகன் பின்னால் நடப்பான். அவன் கையில் அங்குசம் இருக்கலாகாது, அவளைத் திருப்பும் சொல்லும் சொல்லலாகாது. புறப்பட்ட இடத்துக்கே அவள் திரும்பும்வரை சுற்றிய நிலம் எதுவோ அதுவே தானம். இது தங்கள் பாட்டனாருக்கும் முந்திய முறை.

பிடி வழிதவறாதிருக்கப் பத்து நாள் முன்னரே அதே எல்லையில் நடத்திப் பழக்குவது பாகர் வழக்கம். இம்முறை அது நடக்கவில்லை. ஏனெனில் சடங்குக்கு யானை தருவதாக ஏற்றுக்கொண்ட தாங்கள், முந்தின நாள் மாலைவரை அதை அனுப்பவில்லை. அனுப்பியபோதும் தங்கள் கொட்டிலில் உள்ள இளம்பிடிகளை விடுத்து, அறுபத்திரண்டு வயதான குவளையை அனுப்பினீர்கள். கிழவி நாலடி நடந்து களைத்துத் திரும்பிவிடுவாள், கடிகைக்குப் போகும் நிலமும் குறையும் என்று தாங்கள் கணித்ததாக நம் காதுக்கு எட்டியது. பொய்யாயின் மறுத்தெழுதுக.

குவளை களைக்கவில்லை. அவளுக்குத் தாகம் எடுத்தது. கல்மேட்டின் விளிம்பில் நின்று காற்றை முகர்ந்தாள். பிறகு எல்லைக்கல்லைத் தாண்டிச் சரிவில் இறங்கி, தங்கள் குதிரைகள் மேயும் தாழ்வுநிலத்தின் நடுவே நடந்து, அல்லியேரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே நெடுநேரம் நீர் குடித்தாள், குளித்தாள். ஏரியின் மறுகரை வழியாகச் சுற்றி, வெயில் சாயும் வேளைக்குப் புறப்பட்ட மூலைக்கே வந்து நின்றாள். ஆக, கல்மேடும் மேய்ச்சல் தாழ்வும் அல்லியேரியும் ஒரே சுற்றில் கடிகைக்கு ஆயின. தங்கள் வீரர் பதின்மர் வழிநெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பாகனை நாமே விசாரித்தோம். கரும்பு காட்டி அழைத்தானா, முன்னரே எவரேனும் கையூட்டுக் கொடுத்தனரா என்று மூன்று முறை கேட்டோம். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்: “கரும்பும் இல்ல, கள்ளமும் இல்ல தாயே. அவ குட்டியா இருந்தப்ப அந்த ஏரியிலதான் குளிச்சு வளந்தா. குதிரை வந்த பிறகு யானையை அங்க விடுறதில்ல. நாப்பது வருசமா அந்தப் பக்கம் போகாதவ, அன்னைக்கு யாரும் தடுக்கலன்னதும் போயிட்டா. நான் என்ன செய்ய?” அவனிடம் குற்றம் காணவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இனி, கடிகை எதற்கு என்று தங்கள் ஓலையின் நடுவே கேட்டிருக்கிறீர்களே, அதற்கு விடை. நாம் முடிசூடியபோது துறைமுகம் ஒன்று. இன்று மூன்று. ஊர்கள் இருநூறு இருந்தன, இன்று அதன் இருமடங்குக்கும் மேல். புதிய ஊருக்கெல்லாம் ஏரி வேண்டும், வாய்க்கால் வேண்டும், மருத்துவர் வேண்டும், வழக்கைக் கேட்டு நூலறிந்து தீர்ப்போர் வேண்டும். இவர்களை உருவாக்க நமக்கு இடமில்லாததால், ஆண்டுதோறும் இருபது இளையோரைத் தேர்ந்து, சோறும் துணியும் அரசே தாங்கி, கரும்பாற்றுக்கு அப்பால் மேழிநாட்டின் பூம்பிடவூர்க் கடிகைக்கு அனுப்பி வருகிறோம். நம் ஆட்சியில் சென்றவர் இருநூற்று நாற்பதின்மர். திரும்பி வந்தவர் முப்பத்தொருவர். மற்றவரை நாம் நோகவில்லை. கற்றதைச் செய்து பார்க்க இடமில்லாத ஊருக்கு எவர் விரும்பித் திரும்புவார்?

இரண்டாண்டுக்கு முன் ஐப்பசியில் மேலைக்குளத்தூர் ஏரி உடைந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடைப்பை அடைக்கத் தெரிந்தவர் நம்மிடம் இல்லை. மேழிநாட்டு வேந்தருக்கு ஓலை விடுத்து, அவர் மனமிரங்கி ஒருவரை அனுப்பி, அவர் வந்து சேர்ந்தபோது தைத் திங்கள் பிறந்துவிட்டது. இருபத்திரண்டு ஊர்களில் அவ்வாண்டு அறுவடை இல்லை. வந்தவரைக் கண்டதும் ஊரார் திகைத்தார்கள். அவர் நம் சங்குத்துறையில் பிறந்தவர், நாம் செலவிட்டுப் படிக்க அனுப்பியவர். கையில் மேழிநாட்டு முத்திரையோடு வந்து, மேழிநாட்டார் வாங்கும் கூலியையே கேட்டு நின்றார். கரை கட்டி முடித்த மறுநாள் தம் தாயைப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட்டார். அவர் தாய் துறைவரை வந்து நின்றாளாம். அவளைப் போல எத்தனை பேர் இந்நாட்டில் நிற்கிறார்கள் என்று அன்றுதான் நாம் எண்ணிப் பார்த்தோம்.

வணிகர் தலைவர் அவையில் எழுந்து, கப்பலில் குதிரை இறக்குவது போல் கற்றவரையும் வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாமே, எதற்கு வீண் செலவு என்றார். இறக்கிய குதிரை இங்கே குட்டி போடும். இறக்கிய அறிஞர் வேலை முடிந்ததும் கப்பல் ஏறிவிடுவார் என்று விடை சொன்னோம். மூன்றாம் துறையின் சுங்கத்தில் ஆறில் ஒரு பங்கைக் கடிகைக்கு ஒதுக்கினோம். மாணவர் இருநூற்றுவரும் ஆசிரியர் பதினெண்மரும் ஆண்டு முழுதும் சோற்றுக் கவலையின்றி இருக்க அது போதும். குடிமக்கள் தந்த வரியிலிருந்து நடப்பதாதலால் எந்தக் குடியில் பிறந்தவரும், ஆணும் பெண்ணும், அதில் கற்கலாம் என்றும் விதித்தோம்.

குதிரை இன்றி எல்லை இல்லை, எல்லை இன்றிக் கடிகை எங்கே என்று தாங்கள் எழுதியிருப்பது மெய். அதை நாம் எள்ளவில்லை. தங்கள் குதிரைகள் இருப்பதால்தான் இந்த ஓலையை நாம் அமைதியாக எழுதுவிக்கிறோம். ஆனால் பதினெட்டு ஆண்டுகளாக மேழிநாட்டிலிருந்து ஒரு படையும் ஆற்றைக் கடந்து வரவில்லை. நம் பிள்ளைகள்தாம் அங்கே கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை உள்ள ஏடுகளைத் தாங்கள் வழக்கப்படி கோட்டை வாயிலில் உரக்கப் படிப்பிக்கலாம். இனி வருபவை தங்கள் கண்ணுக்கு மட்டும். எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டேன். எழுத்தாணி இப்போது என் கையில். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க.

அம்மான், சடங்கை நிறுத்த அரசருக்கு ஒரு வழி உண்டு என்று தாங்கள் ஓலையில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். என்மேல் பழி வரலாகாது என்ற அன்பினால்தான் விட்டிருக்க வேண்டும். பிடி வழிமாறினால் அரசர் முரசை ஒருமுறை அறையலாம். அறைந்தால் அன்றைய சுற்று செல்லாது. குவளை சரிவில் இறங்கியபோது முரசுக்கோல் என் கையில்தான் இருந்தது. அமைச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறையவில்லை. ஆகவே பிழை என்று ஒன்று உண்டானால் அது பாகனுடையதன்று, யானையுடையதன்று, என்னுடையது.

ஏன் அறையவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். என் பதினேழாம் வயதில், அரண்மனை ஆசிரியர் என்னையும் தங்கள் மகனையும் ஒருங்கே அழைத்து, தமக்குத் தெரிந்தது முடிந்துவிட்டது, இனி வேண்டுமானால் பூம்பிடவூர்தான் என்றார். இருவருக்கும் ஒரே அளவு ஆசை இருந்தது. அரியணைக்கு உரியவள் நாட்டைவிட்டுப் போகலாகாது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். ஆதன் நம்பி போனார். எனக்கு முறையானவர் என்றும், கற்றுத் திரும்பியதும் மணம் என்றும் இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தது தாங்கள் அறிந்ததே. நான் அவரிடம் கொடுத்தனுப்பியது கேள்விகள். ஏரிக்கரையை நேராகக் கட்டாமல் ஏன் வளைத்துக் கட்டுகிறார்கள், மடையை எந்த ஆழத்தில் வைத்தால் சேறு அடைக்காது என்றெல்லாம் எழுதி அனுப்புவேன். விடை வர நாற்பது நாள் ஆகும். அந்த நாற்பது நாளும் நான் வேறு எதற்காகவும் காத்திருந்ததில்லை. முதல் மூன்றாண்டு விடைகள் வந்தன. பிறகு குறைந்தன. பிறகு மேழிநாட்டில் அவருக்குப் பணி கிடைத்தது, மணமும் ஆயிற்று.

அப்போது தாங்கள் அவையில் எழுந்து, எனக்கு மகன் இல்லை என்று சொன்னீர்கள். எனக்காகச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். பதினொரு ஆண்டுகளாக அந்தச் சொல்லை ஒரு நாளும் தளர்த்தவில்லை. ஆனால் தங்கள் வடக்கு மதிலிலிருந்து பார்த்தால் அக்கரையில் நீண்ட ஏரிக்கரை ஒன்று தெரிகிறது அல்லவா? அது ஆதன் நம்பி கட்டியது. தாங்கள் ஒவ்வொரு காலையும் அங்கே போய் நிற்பதாகவும், கேட்டால் பகைவர் நடமாட்டத்தை நோக்குவதாகச் சொல்வதாகவும் காவலர் என்னிடம் கூறினர். நானும் அவர்களிடம், ஆம், படைத்தலைவர் அப்படித்தான் விழிப்பாக இருப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

கடிகைக்கு நீர்நூல் கற்பிக்க அவரை அழைத்து மூன்று ஓலை எழுதினேன். தங்களிடம் சொல்லவில்லை. தடுத்துவிடுவீர்கள் என்று அஞ்சினேன். முதல் ஓலைக்கு விடை இல்லை. இரண்டாவதற்கு வணக்கமும் நன்றியும் மட்டும் வந்தன. மூன்றாவதற்கு, மாசித் திங்களில், இப்படி எழுதியிருந்தார்: கல்மேட்டில் கடிகை என்றால் நான் வந்து பயனில்லை. நீரைப் பற்றி வெறுந்தரையில் கோடு கிழித்துக் கற்பிக்க என்னால் ஆகாது. மாணவர் இறங்கி நிற்கவும், மடை திறந்து பார்க்கவும், கரை கட்டி உடைத்துப் பழகவும் ஓர் ஏரி வேண்டும். அது இருந்தால் பிறந்த மண்ணுக்கு வருகிறேன். இல்லையெனில் பொறுத்தருள்க.

சடங்குக்குப் பத்து நாள் இருந்தபோது தங்களிடம் அல்லியேரியைக் கேட்டேன். ஒரு முழமும் தர இயலாது என்றீர்கள். ஏன் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மகனுக்காக என்று சொல்லியிருந்தால் தங்கள் மானம் மறுத்திருக்கும், மனம் தரச் சொல்லியிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே தங்களை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கல்மேட்டோடு நிறைவடைவது என்றும், அவர் வரமாட்டார் என்றும் முடிவுசெய்து சடங்குக்கு வந்தேன். அங்கே தாங்கள் அனுப்பிய கிழவி, நான் கேட்கத் துணியாததைத் தானே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள். முரசை எப்படி அறைவேன், அம்மான்?

சடங்கை மீண்டும் நடத்தினால், அல்லியேரி தங்களுக்கு. தங்கள் மகன் அக்கரைக்கு. இதை அறிந்தபின்னும் தாங்கள் மீண்டும் நடத்தச் சொல்வீர்களோ மாட்டீர்களோ, அந்தச் சுமையை நான் தங்கள்மேல் வைக்கவில்லை. அரசி என்ற முறையில் நானே முடிவுசெய்கிறேன். நாளை எவரேனும் தங்களை, மகனுக்காக மேய்ச்சலை விட்டவர் என்றால், ஆணைக்குப் பணிந்தேன் என்று தாங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

ஆதலால் நாம் விதிப்பது: பிடி சூழ்ந்த நிலம் சூழ்ந்தபடியே கடிகைக்கு ஆகுக. எல்லைக்கற்கள் சித்திரை முடியுமுன் நடப்படுக. குதிரைகளுக்கு முகத்துவாரத்தை ஒட்டிய நமது அரச வேட்டைப்புல்வெளி முழுதும் விடப்பட்டது. நாம் வேட்டையாடுவதை இவ்வோலையோடு நிறுத்தினோம். ஏனாதி மோதிரம் இத்துடன் திரும்பி வருகிறது. அதைத் துறக்க எம் ஒப்புதல் இல்லை. ஆதன் நம்பிக்கு எழுதிய அழைப்போலையும் இக்கட்டில் உள்ளது. அதைத் தூதரிடம் கொடாது, தாங்களே வாளின்றி ஆற்றைக் கடந்து சென்று அவர் கையில் கொடுக்க. அங்கே என்ன பேச வேண்டும் என்று விதிக்க எமக்கு அதிகாரமில்லை.

ஏரி கிடைத்தால் ஆவணித் திங்களில் மனைவியோடும் பிள்ளைகள் மூவரோடும் வருவதாக அவர் அந்த மாசி ஓலையிலேயே எழுதியிருக்கிறார். ஏரியின் கிழக்குக் கரையில் ஐவருக்கும் போதிய வீடு ஒன்றை நம் செலவில் கட்டுவிக்க. மேழிநாட்டுப் பெண்கள் நின்றபடி சமைத்துப் பழகியவர்களாம். அடுப்பை இடுப்பளவு உயர்த்திக் கட்டுக. கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது என்பதால் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் உயரமாக இருக்கட்டும். அந்த அம்மைக்கு நம் ஊரும் பேச்சும் புதிது. முதல் சில திங்கள் தங்கள் வீட்டுப் பெண்கள் அவளுக்குத் துணையாக இருந்து, குறை சொல்லாமல் பழகுக.

அவர்கள் ஆற்றைக் கடக்கும் நாளில் நாம் அங்கே இரோம். தென்துறையின் புதிய கலங்கரைவிளக்கத்தைப் பார்வையிட அன்று புறப்படுவதாக ஏற்பாடு செய்தாயிற்று. பத்து நாள் கழித்து அவையில், ஆசிரியர் பதினெண்மரும் வரிசையாக நிற்கையில், அவரை மற்றவர்களைப் போலவே காண்போம். அதுவரை என் முகத்தைப் பழக்கிக்கொள்ள நாள் வேண்டும். ஏன் போனாள் என்று எவரேனும் கேட்டால் கலங்கரைவிளக்கம் என்று சொல்லுங்கள்.

இது ஆணை. கானற்பெருநாட்டின் சங்கு முத்திரையை நம் கையாலேயே இட்டோம். மண்ணும் நீரும் உள்ளளவும் நிற்பதாக.